அமில மழை: புகைபோக்கி முதல் யூரியா மூட்டை வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். மன்னார்குடிப் பக்கம் கொஞ்சம் நெல் வயலும் இருக்கிறது. அமில மழை என்றால் பிள்ளைகள் தாஜ்மஹால், மதுரா எண்ணெய் ஆலை என்று நாலு வரி எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள். அதற்கு மேல் குடைந்து கேட்கிற பிள்ளைகள், வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி விசாரிக்கிற பெற்றோர்கள், உரக்கடையில் பேச்சுக் கொடுக்கிற விவசாயிகள், இவர்களெல்லாம் கேட்டதைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். புகைபோக்கியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மாட்டுக்கொட்டகையையும் உர மூட்டையையும் பற்றிப் பேச ஆள் இல்லை, அதனால் அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

அமில மழையில் நனைந்தால் தோல் எரியுமா? முடி கொட்டுமா?

எரியாது, கொட்டாது. அமிலத்தை அளக்கிற எண்ணைப் பிஎச் என்பார்கள், எண் குறையக் குறைய அமிலம் கூடும். நாம் தினமும் கையால் பிசைந்து சாப்பிடுகிற தயிரின் பிஎச் சுமார் 4.5. மோசமான அமில மழையும் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும், எலுமிச்சைச் சாறு அதைவிடப் பல மடங்கு அமிலம். "இன்று பெய்யும் மழையில் நனையாதீர்கள், நாசா எச்சரிக்கை" என்று வருகிற செய்திகளை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம்.

ஆனால் உடம்புக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மழையாக விழுவதற்கு முன்னால் அதே கந்தகமும் நைட்ரஜனும் காற்றில் வாயுவாகவும் நுண்துகளாகவும் மிதக்கின்றன, அதை நாம் மூச்சில் இழுக்கிறோம். 1952 டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகை ஐந்து நாள் நகராமல் நின்றபோது நாலாயிரம் பேர் இறந்ததாக அப்போதே கணக்கிட்டார்கள், பின்னால் வந்த கணக்குகள் பன்னிரண்டாயிரம் வரை போகின்றன. தோலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நுரையீரலைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

எல்லா மழையும் அமிலம்தானாமே?

ஆமாம், லேசாக. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு மழைத்துளியில் கரைவதால் சுத்தமான மழையின் பிஎச்சே 5.6 அளவில் இருக்கும். அதற்குக் கீழே போனால்தான் அமில மழை என்கிறோம். பிஎச் கணக்கில் ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் மனதில் வாங்குவதில்லை. 5.6-லிருந்து 4.6 என்பது "ஒன்று குறைந்திருக்கிறது" இல்லை, பத்து மடங்கு கூடியிருக்கிறது. 3.6 என்றால் நூறு மடங்கு.

சரி, அந்தக் கூடுதல் அமிலம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி இரண்டு வாயுக்களிலிருந்து. நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, கச்சா எண்ணெய் இவற்றில் இருக்கிற கந்தகம் எரிந்து சல்பர் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. தாமிரம், நிக்கல் போன்ற உலோகங்களின் தாதுவில் கந்தகம் கலந்தே இருப்பதால் அவற்றை உருக்கும் ஆலைகளிலிருந்தும் அது வரும். இன்னொன்று நைட்ரஜன் ஆக்சைடுகள். எரிபொருளில் நைட்ரஜன் இல்லாவிட்டால்கூட, எஞ்சினிலோ கொதிகலனிலோ சூடு ஏறும்போது காற்றிலிருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ளும். மேகத்துளிக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை சல்பர் டை ஆக்சைடைக் கந்தக அமிலமாக்கும், நைட்ரஜன் டை ஆக்சைடு நைட்ரிக் அமிலமாகும். இதற்குச் சில மணி நேரத்திலிருந்து சில நாட்கள் வரை ஆகலாம், அதற்குள் காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோய்விடும். புகைவிட்ட ஊர் ஒன்று, நனைகிற ஊர் இன்னொன்று என்று ஆவது இதனால்தான்.

எரிமலையும் மின்னலும்கூட இந்த வாயுக்களைத் தருகின்றன. அது எப்போதும் இருந்ததுதான்.

மழையே பெய்யாத மாதங்களில் பிரச்சினை இல்லையா?

இருக்கிறது. வாயுவும் துகளும் காய்ந்த நிலையிலேயே இலை, மண், கல், தகரம் எல்லாவற்றின் மீதும் படிகின்றன. இதை உலர் படிவு என்பார்கள். பனி விழும் இரவில் அந்தப் படிவு ஈரமாகி வேலையைத் தொடங்கும். மூடுபனி இன்னும் மோசம், மழைத்துளியைவிடப் பனித்துளி சின்னது, அமிலம் அதில் செறிந்திருக்கும்.

இதை முதலில் கவனித்தது யார்?

ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்து வேதியியலாளர். பஞ்சாலைகளும் நிலக்கரிப் புகையும் நிறைந்த மான்செஸ்டரில் மழையைப் பிடித்துப் பிடித்துச் சோதித்து 1852-ல் எழுதினார். அமில மழை என்ற சொல்லைப் பரப்பியது 1872-ல் வந்த அவருடைய புத்தகம். பாடப்புத்தகத்தில் இதோடு முடித்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது 1852-ல் அவர் பார்த்த இன்னொரு விஷயம். ஊரைச் சுற்றிக் காற்றை மூன்று வகையாகப் பிரித்தார். தொலைவில் வயல்வெளிக் காற்றில் அமோனியம் கார்பனேட். புறநகரில் அமோனியம் சல்பேட். ஊருக்குள் கந்தக அமிலம். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், வயலிலிருந்து அமோனியா வருகிறது, ஊரிலிருந்து அமிலம் வருகிறது, இரண்டும் புறநகரில் சந்தித்து உப்பாகின்றன. ஆலையும் விவசாயமும் சேர்ந்து நடத்துகிற காரியம் இது என்பது முதல் ஆய்விலேயே இருக்கிறது. நாம்தான் பாதியைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டோம்.

அமோனியா காரம் ஆச்சே, அது அமிலத்தை முறிக்கத்தானே செய்யும்?

நல்ல கேள்வி, கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பது. காற்றில் இருக்கும்வரை நீங்கள் சொல்வது சரி. அமோனியா கந்தக அமிலத்தோடு சேர்ந்து அமோனியம் சல்பேட்டாகிவிடும், அந்த மழையைப் பிடித்து அளந்தால் பிஎச் நன்றாகவே இருக்கும், ஐந்தரை, ஆறு என்று காட்டும். பார்க்கிறவர் நிம்மதியாகப் போய்விடுவார்.

அந்த மழை மண்ணுக்குள் இறங்கியபின்தான் விஷயம் மாறுகிறது. மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். அப்படி மாற்றும்போது ஒவ்வொரு அமோனியத்துக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனி வெளியே வரும். அமோனியா காற்றில் ஒரு அமில அயனியை வாங்கிக்கொண்டது, மண்ணில் இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொண்டால் கொஞ்சம் சமன் ஆகும். எடுக்க ஆளில்லாமல் மழைநீரோடு கீழே வடிந்துபோனால், போகிறபோது மண்ணிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், அமிலம் மட்டும் தங்கிவிடும். அதனால் மழையின் பிஎச் நன்றாக இருக்கிற ஊரிலும் மண் புளித்துப்போகலாம். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

போகும் வழியிலேயே இன்னொரு கெடுதலும் உண்டு. அமோனியம் சல்பேட், அமோனியம் நைட்ரேட் இரண்டும் மிக நுண்ணிய துகள்கள். பி.எம். 2.5 என்று செய்தியில் சொல்கிறார்களே, அதில் இவற்றுக்குப் பெரிய பங்கு.

அந்த அமோனியா எங்கிருந்துதான் வருகிறது?

மாட்டுக்கொட்டகைக்கு விடிகாலையில், கூட்டுவதற்கு முன்னால் போயிருக்கிறீர்களா? இரவு முழுக்கக் கோமியமும் சாணமும் கலந்து கிடக்கும், கதவைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறிக் கண்ணில் தண்ணீர் வரும். அதுதான் அமோனியா. கோமியத்தில் இருக்கும் யூரியாவை, சாணத்திலும் மண்ணிலும் இருக்கிற யூரியேஸ் என்கிற நொதி உடைக்கிறது. மூட்டையில் வாங்குகிற யூரியாவும் அதே பொருள்தான், வயலில் அதே நொதி அதே வேலையைச் செய்கிறது. ஐரோப்பாவில் மனிதர்களால் வெளியாகும் அமோனியாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விவசாயத்திலிருந்தும் கால்நடையிலிருந்தும்தான். செயற்கைக்கோளில் பார்த்தால் உலகிலேயே அமோனியா மிகவும் அடர்ந்து தெரிகிற பகுதிகளில் ஒன்று நம் கங்கைச் சமவெளி.

யூரியா போட்டால் என் மண் நேரடியாகவே அமிலமாகுமா?

ஆகும், ஆனால் எந்த மண், எவ்வளவு வருடம் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற ஆய்வுப் பண்ணையில் 1856-லிருந்து ஒரே புல்வெளியைப் பாத்திபாத்தியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உரம் போட்டு வருகிறார்கள். சுண்ணாம்பு இடாமல் அமோனியம் சல்பேட் மட்டும் தொடர்ந்து போட்ட பாத்திகளில் மண்ணின் பிஎச் 4-க்கும் கீழே போய்விட்டது, பக்கத்துப் பாத்தியில் பல வகைச் செடிகள் பூத்துக் கிடக்க இங்கே ஒன்றிரண்டு வகைப் புல்தான் மிஞ்சியது. சீனாவில் 1980-களுக்கும் 2000-களுக்கும் இடையே முக்கியமான விளைநிலங்களின் பிஎச் கணிசமாக இறங்கிவிட்டது என்று 2010-ல் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அதற்கு அமில மழையைவிட நைட்ரஜன் உரமே பல மடங்கு காரணம் என்பதுதான் அதன் முடிவு. அமில மழைக்குப் பேர்போன நாட்டிலேயே இப்படி.

நம் டெல்டா மண் பெரும்பாலும் நடுநிலை அல்லது லேசான காரம், அதனால் சீக்கிரம் புளிக்காது. நீலகிரி மண் ஏற்கெனவே அமிலம், அங்கே டோலமைட், சுண்ணாம்பு இடுவது பழக்கத்தில் இருப்பதும் அதனால்தான். செம்மண், சரளை மண் வைத்திருப்பவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மண் பரிசோதனை செய்து பிஎச்சைப் பாருங்கள்.

விவசாய அமோனியாவால் உண்மையிலேயே பாதிக்கப்பட்ட நாடு எது?

நெதர்லாந்து. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுகூட இல்லாத நாடு, அதற்குள் சுமார் நாற்பது லட்சம் மாடு, ஒரு கோடிக்கு மேல் பன்றி, ஏறக்குறைய பத்துக் கோடிக் கோழி. தீவனம் கப்பலில் வருகிறது, சாணமும் மூத்திரமும் அங்கேயே தங்குகின்றன.

அங்கே வேலுவே என்ற மணற்பாங்கான காட்டுப் பகுதி இருக்கிறது. 1980-களில் அங்கே பட்டாணிக் குருவிகளின் கூட்டை ஆராய்ந்தவர்கள் வினோதமான ஒன்றைக் கண்டார்கள். முட்டை ஓடு தாளாக மெலிந்து, துளை விழுந்து, அடைகாக்கும்போதே உடைந்துகொண்டிருந்தது. சில கூடுகளில் ஓடே இல்லாத முட்டை, சில கூடுகளில் தாய்ப்பறவை வெறுங்கூட்டில் உட்கார்ந்து அடைகாத்துக்கொண்டிருந்தது. பூச்சிமருந்தாக இருக்குமோ என்று தேடினார்கள், இல்லை. காரணம் நத்தை. பட்டாணிக் குருவி முட்டை ஓட்டுக்கு வேண்டிய கால்சியத்தை நத்தை ஓட்டைக் கொத்தித் தின்றுதான் சேர்த்துக்கொள்ளும். மண் புளித்துக் கால்சியம் வடிந்துபோனதால் நத்தை குறைந்துவிட்டது, நத்தை குறைந்ததால் குருவிக்கு ஓடு கட்டப் பொருள் கிடைக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் நத்தை ஓட்டையும் கோழிமுட்டை ஓட்டையும் வைத்துக் கொடுத்தபோது அதே குருவிகள் நல்ல முட்டையிட்டன. எங்கோ ஒரு பண்ணையின் மூத்திர நாற்றமும் ஆலைப் புகையும் கடைசியில் ஒரு குருவியின் முட்டையை உடைக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து வகுப்பில் தாஜ்மஹாலுக்கு முன்னால் இந்தக் குருவியைத்தான் சொல்கிறேன்.

1990-களில் நெதர்லாந்தில் சட்டம் போட்டார்கள். சாணக் கரைசலை நிலத்தின் மேலே தெளிக்கக் கூடாது, மண்ணுக்குள் கீறிச் செலுத்த வேண்டும், தொட்டிகளை மூடி வைக்க வேண்டும். அமோனியா பாதிக்கு மேல் குறைந்தது, ஆனாலும் போதவில்லை. 2019 மே மாதம் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம், நைட்ரஜனைக் குறைக்காமலே பண்ணைகளுக்கு அனுமதி கொடுத்துவந்த முறையை ரத்து செய்தது. அதே வருடம் அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களோடு ஹேக் நகருக்குத் திரண்டு நெடுஞ்சாலைகளை அடைத்தார்கள். அந்த விவசாயிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெருக்கு பெருக்கு என்று பல ஆண்டு சொல்லிவிட்டுத் திடீரென்று நிறுத்து என்றால் யாருக்கும் வயிறு எரியும்.

ஏரியில் மீன் சாவது எப்படி? அமிலமே கொன்றுவிடுமா?

அமிலம் தனியாகக் கொல்வதைவிட அலுமினியத்தைக் கூட்டி வந்து கொல்வது அதிகம். மண்ணில் அலுமினியம் ஏராளம், சாதாரணமாகக் கரையாமல் கட்டுண்டு கிடக்கும். பிஎச் இறங்கினால் கரைந்து ஓடைக்கு வந்து மீனின் செவுளில் படிந்து மூச்சை அடைக்கும். பிஎச் 5-க்கு வந்தால் பெரும்பாலான மீன்களின் முட்டை பொரிக்காது. ஏரியில் பெரிய மீன் மட்டும் இருக்கும், குஞ்சே இருக்காது, சில வருடத்தில் அதுவும் போய்விடும். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், அந்தத் தெளிவே கெட்ட அறிகுறி.

நார்வேயில் டோவ்டால் ஆற்றில் 1975 வசந்தத்தில் பனி உருகியபோது மீன்கள் கூட்டமாகச் செத்தன. குளிர்காலம் முழுக்கப் பனியில் சேர்ந்த அமிலம் உருகத் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே மொத்தமாக இறங்கியதுதான் காரணம். அந்தக் கந்தகத்தில் பெரும்பகுதி நார்வேயுடையது இல்லை, பிரிட்டனிலிருந்தும் மற்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் காற்றில் வந்தது.

உயரமான புகைபோக்கி கட்டினால் தீராதா?

அதைத்தான் கனடாவில் சட்பரி ஊரின் நிக்கல் ஆலை செய்து பார்த்தது. 1972-ல் 381 மீட்டர் உயரத்தில் புகைபோக்கி எழுப்பினார்கள். ஊருக்குள் காற்று நன்றாகத்தான் ஆனது. புகை தொலைவுக்குப் போய் விழுந்தது, அவ்வளவே. சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஏரிகள் அமிலமாயின. பிறகு உள்ளேயே கந்தகத்தைப் பிடித்துக் குறைத்தபோதுதான் ஏரிகள் மீளத் தொடங்கின. 1978-லிருந்து மாணவர்களும் ஊர்மக்களும் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைக் கையால் தூவி, கருத்துப்போன பாறை மேட்டில் ஒரு கோடிக்கு மேல் மரம் நட்டிருக்கிறார்கள்.

மரங்களையும் பாதிக்குமா?

பழுப்பு நிலக்கரி எரித்த அன்றைய செக்கோஸ்லோவாக்கியா, போலந்து, கிழக்கு ஜெர்மனி மூன்றும் சந்திக்கும் மலைப்பகுதியைக் கருப்பு முக்கோணம் என்றே அழைத்தார்கள். 1970, 80-களில் அங்கே மலைமலையாக ஸ்புரூஸ் என்கிற ஊசியிலை மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. அமெரிக்காவில் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963-லிருந்து மழையை அளந்துவந்த ஜீன் லைக்கன்ஸ் குழுவினர் மண்ணிலிருந்து கால்சியம் எவ்வளவு போய்விட்டது என்று கண்டார்கள். 1999-ல் ஹெலிகாப்டரில் ஏறிப் பன்னிரண்டு ஹெக்டேர் காட்டின் மேல் கால்சியத் தாதுவைத் தூவினார்கள், அந்தப் பகுதியில் மட்டும் மேப்பிள் மரங்கள் தெளிந்து வளர்ந்தன. மழை நின்றபின்னும் மண் மறக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இந்தியாவில் அமில மழை பெய்கிறதா இல்லையா?

பல இடங்களில் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது தூசி. ராஜஸ்தான் மணலிலும் வயல் புழுதியிலும் கால்சியம் கார்பனேட் இருக்கிறது, அது காற்றிலேயே அமிலத்தை முறித்துவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு நிலக்கரி எரித்தும் ஐரோப்பா பட்ட பாட்டை நாம் படவில்லை. ஆனால் 2016 வாக்கில் சல்பர் டை ஆக்சைடு வெளியிடுவதில் சீனாவை நாம் முந்திக்கொண்டிருக்கிறோம் என்று செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. அவர்கள் பத்து வருடத்தில் முக்கால் பங்கு குறைத்தார்கள், நாம் கூட்டினோம்.

இந்திய வானிலைத் துறை பத்து இடங்களில் நீண்டகாலமாக மழையைப் பிடித்து வேதியியல் சோதனை செய்கிறது. நம் கொடைக்கானல் அதில் ஒன்று. விசாகப்பட்டினம், பிரயாக்ராஜ், அசாமின் மோகன்பாரி, ஜோத்பூர், ஸ்ரீநகர், மினிக்காய் எல்லாம் உண்டு. 1987 முதல் 2021 வரையிலான அளவீடுகளைப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் பிஎச் இறங்குமுகம்தான். எண்ணெய் ஆலை, உர ஆலை, துறைமுகம், அனல்மின் நிலையம் எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கியிருக்கும் விசாகப்பட்டினத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. பாலைவனத் தூசி கிடைக்கும் ஜோத்பூரில் நிலைமை தேவலாம்.

ஒன்று மட்டும் யோசியுங்கள். தூசியைக் குறைக்க வேண்டும் என்று நகரம் நகரமாகத் திட்டம் போடுகிறோம், குறைக்கத்தான் வேண்டும். தூசியை மட்டும் குறைத்துக் கந்தகத்தை விட்டுவைத்தால் மழை புளிக்கும். மழை அதிகமாகப் பெய்து, மண்ணும் ஏற்கெனவே அமிலமாக இருக்கும் வடகிழக்கு மாநிலங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையும்தான் முதலில் அடி வாங்கும்.

அனல்மின் நிலையத்தில் கந்தகத்தைப் பிடிக்க முடியாதா?

முடியும், பழைய தொழில்நுட்பம்தான். புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலுக்குள் விட்டால் சல்பர் டை ஆக்சைடில் 90 சதவீதத்துக்கு மேல் பிடிபட்டு ஜிப்சமாக வெளியே வரும். 2015 டிசம்பரில் மத்திய அரசு இதற்கு வரம்பு நிர்ணயித்தது, இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டும் என்றது. கெடு தள்ளித் தள்ளிப் போனது. 2025 ஜூலையில், பெருநகரங்களுக்கும் மாசு மிகுந்த பகுதிகளுக்கும் அருகில் இல்லாத நிலையங்களுக்கு, அதாவது முக்கால்வாசிக்கும் மேற்பட்டவற்றுக்கு, விலக்கே கொடுத்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, சுற்றுப்புறக் காற்றில் சல்பர் டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது அரசு தரப்பு வாதம்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. நிலையத்துக்குப் பக்கத்தில் அளந்தால் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்தக் கந்தகம் சல்பேட் துகளாகி வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கும். உயரப் புகைபோக்கிக் கதைதான் இது.

தாஜ்மஹால் மஞ்சளானது அமில மழையால்தானே? நம் கோயில்கள்?

சமையலறையில் கடப்பா கல் மேடை இருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். பளபளப்பு போய் வெளுத்த வட்டம் தெரியும். கடப்பா கல் சுண்ணாம்புக்கல், பளிங்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். கந்தக அமிலம் பட்டால் மேற்பரப்பு ஜிப்சமாகி உதிரும். அந்த ஆபத்து உண்மையானது, அதனால்தான் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், தாஜைச் சுற்றிய 10,400 சதுர கிலோமீட்டர் பகுதியில் 292 ஆலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் இடம் பெயர வேண்டும் என்றது. மஞ்சள் நிறத்துக்கு மட்டும் தூசியும் கரித்துகளும் பெரிய காரணம்.

தஞ்சைப் பெரிய கோயில் போன்றவை கருங்கல், அமிலம் எளிதில் அரிக்காது. கோபுரங்களில் இருக்கும் சுதைச் சிற்பங்கள் சுண்ணாம்புக் காரையில் செய்தவை, அவற்றுக்கு ஆபத்து உண்டு.

வண்டி, கப்பல், பட்டாசு?

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்கிற வாகனப் புகை விதி வந்தபின் பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான். வண்டியிலிருந்து இப்போது வருவது பெரும்பாலும் நைட்ரஜன் ஆக்சைடு. கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 2020 ஜனவரி 1 முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனது. பட்டாசில் கந்தகம் உண்டு, ஆனால் அது ஓரிரு நாள் சமாச்சாரம்.

கந்தகம் பயிருக்குச் சத்துதானே?

சத்துதான். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் புகையைச் சுத்தம் செய்தபின் கடுகு வகைப் பயிரில் கந்தகப் பற்றாக்குறை வந்து, இப்போது உரமாக வாங்கிப் போடுகிறார்கள். நமக்கு நிலக்கடலைக்கு ஜிப்சம் போடும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பயிருக்கு வேண்டிய கந்தகத்தை வேண்டிய இடத்தில் மண்ணில் போட்டுக்கொள்ளலாம், அதற்காக ஊர்க்காற்றில் கலக்க வேண்டியதில்லை.

என் நெல் வயலில் நான் என்ன செய்யலாம்?

முதலில் நஷ்டம் எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மதிய வெயிலில் வயல் தண்ணீரில் பாசி படர்ந்து நிற்குமே, அந்தப் பாசி தண்ணீரிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் பிஎச் 9-ஐத் தாண்டிவிடும். அந்தத் தண்ணீர்மேல் யூரியாவை இறைத்தால் அது அமோனியாவாக ஆவியாகிவிடும். தேங்கிய தண்ணீரில் வீசுகிற யூரியாவின் நைட்ரஜனில் பாதிகூடப் பயிருக்குப் போவதில்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று மலிவாகக் கிடைப்பதால் நமக்கு உறைப்பதில்லை.

நான் செய்வது இது. மேலுரத்துக்கு முன்னால் தண்ணீரை வடித்து, சேறு தெரிகிற அளவுக்கு விட்டு, யூரியா போட்டபின் மறுபடி கட்டுகிறேன், உரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறபடி யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடுகிறேன். வேப்பெண்ணெய் பூசிய யூரியாதான் இப்போது வருகிறதே என்று கேட்பார்கள். வேம்பு, அமோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும், நல்லதுதான், ஆனால் அமோனியா ஆவியாவதை அது தடுக்காது. அதற்கு மண்ணுக்குள் போடுவதுதான் வழி.

அப்புறம் இலை வண்ண அட்டை. எண் போட்ட பச்சை நிறப் பட்டைகளோடு இலையின் பச்சையை ஒப்பிட்டு, பயிருக்கு நைட்ரஜன் வேண்டுமா என்று பார்ப்பதற்கானது. காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், வெயில் நேரே விழாதபடி நம் உடம்பு நிழலில், முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும், பத்து இலையாவது பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே போனால்தான் யூரியா. பக்கத்து வயல் கருகருவென்று இருக்கிறதே என்று போட்டிக்குப் போடுவது புகையான் பூச்சிக்கு அழைப்பு வைப்பது மாதிரி.

சாணக்குழியை ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடி வையுங்கள். தொழுவுரத்தை வயலில் கொட்டினால் அன்றே உழுதுவிடுங்கள்.

மொட்டைமாடி மழைநீரைக் குடிக்கலாமா?

அமிலத்துக்குப் பயந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சிமெண்ட் தளத்திலும் தொட்டியிலும் படும்போதே அமிலம் முறிந்துவிடும். பழைய தகரக் கூரை, ஈயம் பூசிய இணைப்பு, பெயின்ட் உரியும் தளம் இருந்தால் உலோகம் கரையும், அங்கே பிடிக்க வேண்டாம். எப்படியானாலும் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், வடிகட்டிக் காய்ச்சிக் குடியுங்கள்.

எங்காவது தீர்ந்திருக்கிறதா?

கந்தகம் தீர்ந்திருக்கிறது. 1979-ல் ஜெனீவாவில் ஐரோப்பிய, வட அமெரிக்க நாடுகள் எல்லை தாண்டும் காற்று மாசுக்கு உடன்படிக்கை போட்டன. 1990-ல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தி மின் நிலையங்களின் மொத்தக் கந்தகத்துக்கு உச்சவரம்பு வைத்தது, 1995-ல் நடைமுறைக்கு வந்தது, இன்று 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. அமோனியாவுக்கு அப்படியொரு வரம்பு அங்கே இல்லை, அதனால் இப்போது அமெரிக்க மழையில் விழும் நைட்ரஜனில் அமோனியத்தின் பங்கே மேலோங்கியிருக்கிறது. 1999-ல் கோத்தன்பர்க் ஒப்பந்தத்தில் ஐரோப்பா அமோனியாவையும் சேர்த்தது, ஆனால் கந்தகம் இறங்கிய வேகத்தில் அது இறங்கவில்லை.

என் ஊர் மழையை நானே அளக்கலாமா?

அளக்கலாம், பிள்ளைகளோடு செய்ய அருமையான வேலை. லிட்மஸ் தாள் உதவாது, அது அமிலமா காரமா என்று மட்டும் சொல்லும். 4-லிருந்து 7 வரை நுணுக்கமாகக் காட்டும் பிஎச் தாள் அல்லது சின்ன மீட்டர் வாங்குங்கள். மீட்டரை, பிஎச் தெரிந்த தரக்கரைசலில் சரிபார்த்தபின் பயன்படுத்துங்கள், மழைநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் எண் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அவசரப்பட வேண்டாம். பிளாஸ்டிக் பாத்திரத்தைக் காய்ச்சி வடித்த நீரில் நாலைந்து முறை அலசி, மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, இடுப்பு உயரத்தில் ஒரு முக்காலிமேல், மழை தொடங்கும்போது திறந்து வையுங்கள். முதல் பத்து நிமிட மழையை ஒரு பாட்டிலிலும் அரை மணி கழித்துப் பெய்வதை இன்னொன்றிலும் பிடியுங்கள். முதலாவது தூசியைக் கழுவிக்கொண்டு வருவதால் பிஎச் கூடுதலாகவும் இரண்டாவது குறைவாகவும் பெரும்பாலும் இருக்கும். தேதி, நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே ஒரு மழையை வைத்து எதையும் சொல்ல முடியாது, ஒரு வடகிழக்குப் பருவம் முழுக்க எழுதினால் உங்கள் ஊர்க் காற்று எந்தப் பக்கமிருந்து என்ன கொண்டுவருகிறது என்று தெரிய ஆரம்பிக்கும்.